ஆளில்லாத நடைபாதை

தீவு நிலையம்
ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுவது. நீயும் உன் மகள் வாலுவும் நலம்தானே? நான் நலம். வரும்போது படகில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே போன் எடுக்காது. ஒரு வயர்லெஸ் இருக்கிறது, அது வானிலை சொல்வதற்கு மட்டும். அதில் வீட்டு விஷயம் பேசினால் பொறுப்பாளர் முறைப்பார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை படகு வரும். டீசல், காய்கறி, தபால் எல்லாம் அதில்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றாலே வயிற்றுவலி வந்த நீயும் நானும் இனிமேல் எழுதித்தான் தீரவேண்டும்.

நாங்கள் நாலு பேர். பொறுப்பாளர், வயர்லெஸ்காரர், சமையல்காரர், ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டு அழ நான். பொது அறையில் ஒரு டிவியும் உன் வீட்டில் இருக்கிற மாதிரியே ஒரு வீடியோ கேம் பெட்டியும் உண்டு. ஆளுக்கு ஒரு பைத்தியம். வயர்லெஸ்காரர் கால்பந்து ஆடுகிறார். ஆடுவதைவிட நடுவரோடு சண்டை போடுவதுதான் அதிகம். பொறுப்பாளருக்கு ஒரு விவசாய விளையாட்டு. அதில் மழை சொல்லாமல் கொள்ளாமல் வருகிறதாம். "முப்பது வருஷமா வானத்த பாத்துட்டிருக்கேன், மேகமே இல்லாம பெய்யுது, யாருய்யா இத செஞ்சது?" என்று மனிதர் நிஜமாகவே நொந்துபோகிறார். சமையல்காரர் சமையல் விளையாட்டு ஆடுவார். "அடுப்ப அணைக்காம போறான் பாரு" என்று பாதியில் எழுந்து போய் எங்கள் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

கிளம்பும்போது உனக்கு வாங்கிக் கொடுத்தேனே, பார்சல் வண்டி விளையாட்டு, அது இங்கேயும் இருக்கிறது. இப்போது ஊரில் எல்லோரும் அதைத்தான் ஆடுகிறார்களாம். நான் இன்னும் தொடவில்லை. பதினாறு வருஷம் ஸ்கூல் வேன் ஓட்டியவள் நீ. ஆடிப் பார்த்து எப்படி என்று எழுது.

வாலுவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட விடாதே. உனக்கும் அதே சட்டம்தான்.

உன் தம்பி
சுண்டு


வீடு
பிப்ரவரி 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். உன் வயிறு எப்படி இருக்கிறது? கடல் காற்றில் காதை மூடிக்கொண்டு திரி, உனக்குச் சளி பிடித்தால் ஒரு மாதம் போகாது.

விளையாட்டை ஆடினேன். வண்டியை நன்றாகச் செய்திருக்கிறார்கள். பிரேக் போட்டால் முன்பக்கம் லேசாகக் குனிகிறது. செய்தவனுக்கு வண்டி தெரியும். ஆனால் ஊர் வெறிச்சென்று கிடக்கிறது. ரோடு போட்டவன் ஆள் போட மறந்துவிட்டான் போலிருக்கிறது. நடைபாதையில் ஒரு ஈ, காக்கா இல்லை.

அப்புறம் இந்த 'நல்ல பெயர்' என்று ஒன்று வைத்திருக்கிறான். பார்சலை நேரத்துக்குக் கொடுத்தால் ஏறும். யாரையாவது உரசுகிற மாதிரி போனால் இறங்கும். நான் யாரையும் உரசவில்லை. உரசுவதற்கு ஆளே இல்லை என்கிறேன். நேரே போய்க்கொண்டிருக்கும்போதே ஐந்து, பத்து என்று இறங்குகிறது. நிஜ ரோட்டில் பதினாறு வருஷமாகச் சேர்த்த பெயர் இந்தப் பொம்மை ஊரில் போகிறது. கோளாறு என்று எழுதிப் போட வழி இருந்தால் சொல்.

வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று கிண்டல் செய்யாதே. போன வாரம்தான் லைசென்ஸ் புதுப்பித்தேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "உங்களுக்கு என்னங்க, கழுகுக் கண்ணு" என்றாள் அங்கே சோதித்த பெண்.

வீட்டில்தான் சாமான்களுக்குக் கால் முளைத்துவிட்டது. நேற்று மேசை முனை, இன்று கதவு நிலை. இடுப்பெல்லாம் நீலம். டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாத இந்த அறையில் வேறு எப்படி இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தீவு நிலையம்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கையில் கிடைத்தது. படகு சரக்கு இறக்கி முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நான் நலம். மேசைகளிடம் ஜாக்கிரதையாக இரு.

நீ சொன்னதைச் சமையல்காரரிடம் சொன்னேன். இப்போது அவரும் அந்த விளையாட்டில்தான் விழுந்துகிடக்கிறார். "ஆளே இல்லையா? ஆளுங்க தொல்ல தாங்காமத்தான நாலாவது தெருவையே நான் தாண்டல" என்று சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா, நடைபாதை முழுக்க ஆட்கள். ரொட்டிக் கடை வாசலில் ஒரு கிழவர் புறாக்களுக்குத் துணுக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். குடை பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள். ஒரு பழுப்பு நாய் வண்டிகூடவே ஓடி வருகிறது. ரொம்பக் கிட்டே போனால் துள்ளி ஒதுங்கித் தலையை ஆட்டுகிறார்கள். சத்தமே வராது, நல்ல பெயர் மட்டும் இறங்கும்.

உன் பெட்டியில் ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது. வாலுவைப் பார்க்கச் சொல், ஒரு நிமிஷ வேலை.

படகுக்காரர் கூப்பிடுகிறார்.

சுண்டு


வீடு
மார்ச் 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இரண்டு நாளாக நல்ல மழை, வேன் பூராவும் ஈரக் குடை நாற்றம்.

அமைப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள் உன் மருமகள். நீ சொன்ன கிழவரை நான் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்ப்பேனா, புறாவுக்கு யார் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பேனா? ஆனால் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். வாலு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறாள். "இடது ஆள். வலது நாய். இடது குடை ரெண்டு." அவள் உட்கார்ந்தால் நல்ல பெயர் குறைவதே இல்லை. ராசிக்காரி. 'ரெண்டு பேர் ஆட்டம்' என்று பேர்கூட வைத்திருக்கிறாள்.

வேனிலும் இப்போது முன் சீட்டில் அவள்தான். பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறதாம்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருஷமும் என் வேனைத்தான் முதலில் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளையைச் சேர்க்க வருகிற அம்மாக்கள், "அந்த அக்கா வண்டின்னா அனுப்புறோம்" என்கிறார்களாம். உன் மச்சான் போன பிறகு நான் நிமிர்ந்து நின்றது இந்த ஒரு பேச்சில்தான், உனக்குத் தெரியும்.

அக்கா

மாமா, நான் வாலு. அம்மா உறை வாங்கப் போயிருக்காங்க. எனக்குத் தலை சுத்தவே சுத்தாது. வேனுக்கு இடது பக்கக் கண்ணாடி புதுசு போட்டிருக்கோம். இது ரெண்டாவது. நான் எழுதினேன்னு சொல்லிடாதீங்க.


தீவு நிலையம்
மார்ச் 17

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. நாலு நாளாக எனக்கு ஜெனரேட்டர் சத்தம்கூட காதில் விழவில்லை. நேற்று ஒன்று செய்தேன். பழைய வானிலை வரைபடத் தாளைச் சுருட்டி இரண்டு குழல் செய்து, கண்ணுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு அந்த விளையாட்டை ஆடினேன். என் இரண்டு கையும் ஆட்டத்தில் இருந்ததால் பின்னால் நின்று குழலைப் பிடித்துக்கொண்டவர் சமையல்காரர். வயர்லெஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

டிவிக்குக் கிட்டே, உன் கட்டில் அளவுக்குக் கிட்டே உட்கார்ந்தேன். ரோடு தெரிந்தது, எதிரே வரும் வண்டி தெரிந்தது, போர்டில் இருந்த எழுத்தெல்லாம் தெரிந்தது. கிழவர் இல்லை. குடைகள் இல்லை. நாய் இல்லை. வெறிச்சென்று ஒரு ஊர். சும்மா நேரே போய்க்கொண்டிருக்கும்போதே ஐந்து, பத்து என்று நல்ல பெயர் இறங்கியது. நீ எழுதியது ஒரு எழுத்து பிசகாமல் அப்படியே நடந்தது. குழலை எடுத்ததும் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். வயர்லெஸ்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

உனக்கு நேரே தெரிகிறது. பக்கத்தில் தெரியவில்லை. சுவரில் மாட்டிய எழுத்து நேரே இருப்பது, அதனால் படித்துவிட்டாய்.

அப்பா ஞாபகம் வருகிறதா? கதவு நிலையில் இடித்துக்கொண்டு கதவைத் திட்டுவார். நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கடைசியில் டாக்டர் சொன்னது, கண்ணுக்குள் அழுத்தம், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது, போனது போனதுதான் என்று. பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நாம் பார்த்துக்கொள்ளவில்லை.

வாலு முன் சீட்டில் உட்கார்ந்து என்ன சொல்லிக்கொண்டு வருகிறாள், அக்கா? தலை சுற்றல் என்று எழுதாதே.

டாக்டரைப் பார்க்கும் வரை சாவியைத் தொடாதே. இந்தக் கடிதம் அடுத்த படகு வரை என் மேசையில்தான் கிடக்கப்போகிறது, பதினேழு நாள். காலையும் மாலையும் நீ ஓட்டுவாய். வயர்லெஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்துபோனேன். சொன்னால் அன்றைக்கே உன் வேலை போய்விடும். அதை நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். திரும்பி வந்தது தப்பு என்றும் தெரிகிறது.

சுண்டு


தீவு நிலையம்
ஏப்ரல் 24

அக்கா,

படகு வந்துவிட்டது. மூட்டையைக் கொட்டி இரண்டு தடவை தேடினேன். சமையல்காரருக்கு நாலு கடிதம், பொறுப்பாளருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை. உன்னிடமிருந்து எதுவும் இல்லை.

திட்டியாவது ஒரு வரி எழுது.

சுண்டு


வீடு
மே 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

சௌக்கியம். அங்கே உன் உடம்பும் சௌக்கியமாக இருக்கட்டும். நாள் ஓடுகிற ஓட்டத்தில் எழுத முடியவில்லை.

வாலு புதிதாக ஒரு மீன் பிடிக்கிற விளையாட்டு வாங்கிவந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நடுவில் ஒரு மிதவை, அது அமுங்கியதும் இழுக்கவேண்டும், அவ்வளவுதான். அங்கே இங்கே பார்க்க வேண்டியதில்லை, மிதவையைப் பார்த்தால் போதும். நேற்று ஒன்பது மீன். பார்சல் வண்டியை மூட்டை கட்டிவைத்துவிட்டேன், அது எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் பொறுப்பாளருக்கு இந்த மீன் விளையாட்டைச் சொல், மழைத் தொல்லை கிடையாது.

சமையல்காரருக்கு ஏன் நாலு கடிதம் வருகிறது? விசாரி.

நீ எழுதியதைப் படித்தேன். தாளைச் சுருட்டி விளையாட உனக்கு நேரம் இருக்கிறது. எனக்குக் காலையில் பதினாலு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. அப்பாவை இதில் இழுக்காதே. வண்டி ஓட்டாவிட்டால் நான் யார் என்று தெரிந்தால் அதையும் எழுது.

அக்கா


தீவு நிலையம்
மே 15

அக்கா,

நலமாக இரு. இந்த ஒரு வார்த்தையை இதுவரை இவ்வளவு கனமாக நான் எழுதியதில்லை.

இந்த உறைக்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன், பார். ஒட்டியிருக்கிறது. மேலே உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியைக்கு என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஐந்து வரிதான். உனக்குப் பக்கவாட்டில் பார்வை குறைந்திருக்கலாம், பரிசோதனை முடியும் வரை வேனை வேறு யாரிடமாவது கொடுங்கள், இவள் பதினாறு வருஷம் நல்லபடியாக ஓட்டியவள், அதை மறக்காதீர்கள். அவ்வளவுதான் எழுதினேன்.

நேரே அவர்களுக்கே அனுப்பியிருக்கலாம். நீயே கொடுக்கவேண்டும் என்று ஆசை. கொடுத்தால் உன் பெயர் உன்னிடமே இருக்கும். ஜூன் ஐந்தாம் தேதி படகு வரும். கொடுத்துவிட்டாய் என்று அதில் செய்தி வராவிட்டால் அன்றைக்கே வயர்லெஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லச் சொல்லிவிடுவேன். பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவர் முறைக்கவில்லை.

நீ யார் என்று கேட்டிருந்தாய். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவள். "பின்னாடி என்ன வருதுன்னு சொல்லிட்டே வாடா" என்பாய். பத்து வயசில் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அதனால்தான் முன் சீட்டில் வாலு என்ன செய்கிறாள் என்று படித்தவுடனே எனக்குத் தெரிந்தது. அப்போது உனக்கு விளையாட்டு, எனக்கும் விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை, அக்கா.

கோபம் இருந்தால் என்மேலேயே வைத்துக்கொள்.

சுண்டு


வீடு
மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்காங்க, யாருக்கும் எதுவும் ஆகலை. முதலிலேயே சொல்லிடுறேன், இல்லன்னா நீங்க பயப்படுவீங்க.

உங்க உறை வேன் டேஷ்போர்டில் ஒன்பது நாள் இருந்தது. அம்மா பிரிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. தினமும் தொட்டுப் பார்ப்பாங்க.

செவ்வாய்க்கிழமை எனக்குப் பரீட்சை. வேனில் புத்தகத்தை மடியில் வச்சுப் படிச்சுட்டே, "இடது ஆள், வலது சைக்கிள்"னு சொல்லிட்டு வந்தேன். ஒரு பக்கம் திருப்பினேன். அந்த ஒரு தடவை பார்க்கலை. நிமிர்ந்தா இடது ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆளோட முகம், ரொம்பக் கிட்ட. சைக்கிளில் வந்தவர். கையை வேன் மேலே ஊன்றித் தள்ளிக்கிட்டு எப்படியோ ஒதுங்கிட்டார். அம்மாவுக்கு அவர் வந்ததே தெரியலை. "என்ன சத்தம்?"னு கேட்டாங்க. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பரீட்சையில் எனக்கு எதுவும் ஞாபகம் வரலை.

மறுநாள் காய்ச்சல்னு சொன்னேன். மாமா, எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் வராவிட்டா அம்மா வண்டியை எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அம்மா நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, போர்வையைச் சரி பண்ணிட்டு, சாவியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் வாசல் வரைக்கும் ஓடினேன், அதுக்குள்ள வேன் திரும்பிடுச்சு. அன்னைக்குக் காலை முழுக்க ஜன்னல்கிட்டயே நின்னேன்.

மீதியை என் கூடப் படிக்கிறவ சொன்னா, அவ வேனில் இருந்தா. ஆஸ்பத்திரி முக்கு வரைக்கும் அம்மா ரொம்ப மெதுவா போனாங்களாம், பின்னாடி எல்லா வண்டியும் ஹாரன். முக்கில் திரும்பணும். அம்மா நிறுத்திட்டாங்க. இந்தப் பக்கம் பார்த்தாங்க, அந்தப் பக்கம் பார்த்தாங்க, திரும்பவும் இந்தப் பக்கம். அப்புறம் எஞ்சினை அணைச்சுட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கிட்டாங்க. "ஏன் அக்கா நிறுத்திட்டீங்க?"ன்னு இவ கேட்டிருக்கா. "பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு எனக்குத் தெரியலம்மா"ன்னு சொன்னாங்களாம். பள்ளிக்கூடத்துக்கு அவங்களே போன் பண்ணி, வேற டிரைவர் வர்ற வரைக்கும் யாரையும் இறங்க விடலையாம். அந்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய், உங்க உறையை அவங்க கையாலேயே கொடுத்துட்டாங்க.

காய்ச்சல் விஷயத்தை அம்மாகிட்ட சொல்லாதீங்க. நான் பொய் சொல்லித்தான் அம்மா வேலை போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க.

உங்கள் மருமகள்
வாலு


வீடு
ஜூன் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை நீ கேட்காமலே சொல்கிறேன். டாக்டரிடம் மூன்று தடவை போய்வந்துவிட்டேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அதுவும் ஒரு வீடியோ கேம்தான், அதில் நான் படு மோசம். அப்பாவுக்கு இருந்ததேதான். போனது திரும்பாதாம். இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம். நீயும் அங்கிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கண்ணைக் காட்டு. வாலுவையும் காட்டியாகிவிட்டது, அவளுக்கு ஒன்றுமில்லை.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பார்க்கிறோம் என்றார் தலைமையாசிரியை. பார்க்கட்டும். காலையில் வேன் சத்தம் கேட்டால் இன்னும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. உன்மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் பூராவும் உன்னைத் திட்டினேன். அப்புறம் வேறு ஒன்று நினைவுக்கு வந்ததும் திட்ட வாய் வரவில்லை.

அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அன்று காலையில் அவள் நெற்றியைத் தொட்டேன். சூடே இல்லை, சுண்டு. ஜில்லென்று இருந்தது. முந்தின நாள் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும், வேனில் கை பட்ட தடம் இருந்தது. பிள்ளை பயந்துபோய்ப் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும் போர்வையை இழுத்துவிட்டுவிட்டுப் போனேன். ஒரு தடவை தனியாக ஓட்டிக் காட்டிவிடவேண்டும் என்று ஒரு வீம்பு. அவளைத் தவிர மீதிப் பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த வீம்பு. ஆஸ்பத்திரி முக்கில் என் காது தானாக அவள் குரலுக்குக் காத்திருந்தது. குரல் வரவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டேன். அவள் பொய் எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே. தன்னால்தான் என் வேலை போனது என்று நினைத்துக்கொள்வாள்.

போன வாரம் கட்டிலைப் பின்சுவரோடு சேர்த்துப் போட்டோம். மேசையை வெளியே தள்ளிவிட்டாள் வாலு, இனி இடிக்க ஒன்றும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் டிவி சின்னதாகத் தெரிகிறது. டாக்டர் சொன்னது அதுதான், தள்ளி உட்கார்ந்தால் எனக்கு மிச்சமிருக்கிற பார்வைக்குள் முழுத் திரையும் அடங்கும் என்று. மூட்டை கட்டிவைத்த பார்சல் வண்டியை எடுத்துப் போட்டேன்.

ரொட்டிக் கடை வாசலில் கிழவர் இருக்கிறார். குடைக்காரிகள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள். அந்த நாய்க்கு ஒரு காது மடங்கியிருக்கிறது, அதை நீ எழுதவில்லை. ஊர் நிறைய ஆள்டா. இத்தனை நாளும் எல்லோரும் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்சலுக்கான நேரம் தாண்டிப் போயிற்று. நல்ல பெயர் மட்டும் குறையவில்லை.

அக்கா